சிவப்புத் துணி கட்டின வண்டி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. சாப்பாட்டு மேஜை மேல பழைய ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டிப் பரப்பி வெச்சிருந்தேன். எம் பொண்டாட்டி ஸ்டெல்லா கையில இட்லித் தட்டோட நின்னுக்கிட்டு, இதை எங்க வெக்கிறது, உங்க தலை மேலயான்னு கேட்டுக்கிட்டிருந்தா. அப்பதான் புவனா போன் பண்ணுச்சு. புவனா இப்ப எங்க டிபார்ட்மென்ட்ல மோட்டார் வாகன ஆய்வாளர். ஜனங்க வாயில பிரேக் இன்ஸ்பெக்டர். நான் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் பக்கத்து மேஜையில உக்காந்திருந்த பொண்ணு.

விஷயம் இதுதான். தொப்பூர் கணவாய்க்கு முன்னால வேகம் பிடிக்கிற கருவியோட நின்னிருக்காங்க. பெங்களூர்ல இருந்து ஏற்காடு போற பைக் கூட்டம் ஒண்ணு வரிசையா வந்திருக்கு, இருபத்திரண்டு பைக். அத்தனையும் வேகம். நிறுத்திக் கேட்டா இருபத்தோரு பேரும் ஒரே பதில். முன்னாடி போறவர் எங்க லீடர், அவர் போன வேகத்துல நாங்க போனோம். லீடரைக் கேட்டா, நான் என் பாட்டுக்குப் போனேன், இவங்களை யாரு இந்த வேகத்துல வரச் சொன்னதுன்னு சொல்லியிருக்கார். புவனாவுக்கு என்னைவிடச் சட்டம் நல்லாவே தெரியும். ஆளாளுக்குத் தனித்தனியா அபராதம் போட்டாச்சு. இருந்தாலும் மனசு ஆறல போல. லீடருக்கு அதுக்கு மேல ஒண்ணும் கிடையாதா சார், நீங்க ஒரு சேசிஸ் கேஸ் சொல்வீங்களே, அதைக் கொஞ்சம் எழுதித்தான் குடுங்களேன்னு கேட்டுச்சு. போனை வெச்சதும் ரெகுலேட்டரை ஓரமாத் தள்ளிட்டு நோட்டை எடுத்தேன். இட்லித் தட்டுக்கும் இடம் கெடச்சுது.

நான் கடத்தூர்க்காரன். அப்பா விவசாயி. ஆட்டோமொபைல் டிப்ளமோ படிச்சு, சேலத்துல ஒரு பட்டறையில ரெண்டு வருஷம் கிரீஸ் பூசிக்கிட்டு, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். அதையெல்லாம் விரிச்சு எழுதினா எனக்கே தூக்கம் வரும். ஒண்ணே ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒரு வியாதி உண்டு. எது ஓடினாலும் ஏன் ஓடுதுன்னு பாக்கணும், நின்னா ஏன் நின்னுச்சுன்னு பாக்கணும். சர்வீஸ்ல இந்த வியாதியால நான் திட்டு வாங்கினது அதிகம், பாராட்டு வாங்கினது கம்மி.

வேலைக்கு வந்த புதுசுல ஒரு முகூர்த்த நாள். மொரப்பூர் ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். கல்யாண வேன் அஞ்சு, ஒண்ணு பின்னாடி ஒண்ணா, அடிச்சுப் பிடிச்சு வருது. நான் விசிலை வாயில வெச்சுக் கையைத் தூக்குறதுக்குள்ள நாலு வண்டி போயிடுச்சு. அஞ்சாவதுதான் மாட்டுச்சு. அந்த டிரைவர் எறங்கி வந்து, மாப்ள வண்டி முன்னாடி போயிருச்சுங்க சார், எனக்கு மண்டபம் எங்கன்னே தெரியாதுன்னான். நான் சிரிச்சுக்கிட்டே கேஸ் எழுதினேன். அப்புறம் எத்தனையோ தடவை அதே மாதிரி ஆச்சு. கூட்டமா வர்ற வண்டியில எப்பவும் கடைசி வண்டிதான் மாட்டும். கடைசி வண்டிதான் மத்த எல்லாத்தையும்விட வேகமாவும் இருக்கும். இது ஏன்னு எனக்கு ரொம்ப நாளாப் புரியல. கேட்டா சிரிப்பாங்கன்னு யாரையும் கேக்கவும் இல்ல.

கேக்க வேண்டிய ஆள் எனக்கு மேலதிகாரியா வந்தாங்க. கலாவதி மேடம், வட்டாரப் போக்குவரத்து அலுவலர். குரலை உசத்தி நான் கேட்டதில்ல. ஆபீஸ் ப்யூனையும் வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாங்க. மேஜை மேல வெந்நி ஃபிளாஸ்க், ஒரு ஸ்டீல் ஸ்கேல், கூரா சீவின ஒரு பென்சில். ரிப்போர்ட் கொண்டுபோய் வெச்சா உக்காரச் சொல்ல மாட்டாங்க, நிக்கவும் சொல்ல மாட்டாங்க. ஸ்கேலை வரிக்குக் கீழ வெச்சு ஒவ்வொரு வரியாப் படிப்பாங்க. பக்கத்து மார்ஜின்ல ஒரு எழுத்துப் போடுவாங்க. நாம கண்ணால பாத்ததுன்னா பா. அடுத்தவங்க சொல்லிக் கேட்டதுன்னா கே. நாமளா நெனச்சு எழுதினதுன்னா நெ. நெ போட்ட வரியை அடிச்சிட்டு வரணும். கே போட்ட வரியைப் பா ஆக்க முடியுமான்னு போய்ப் பாத்துட்டு வரணும். முதல் மாசம் என் ரிப்போர்ட்ல நெ விழுந்த கணக்கை நெனச்சா இப்பவும் காது சுடுது.

விபத்து வண்டியைப் பாக்க ஒரு முறை உண்டு. முதல்ல எதையும் தொடாம, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வண்டியை ஒரு சுத்து வரணும். கை முன்னாடி இருந்தா எதையாவது தொட்டுரும். அப்புறம் டயர். அப்புறம் ஸ்டீயரிங்கை ரெண்டு விரலால ஆட்டி, எவ்வளவு ஆடினப்புறம் சக்கரம் அசையுதுன்னு பாக்கணும். ஏர் பிரேக் வண்டின்னா காத்து நிறையிற வரைக்கும் இன்ஜினை ஓடவிட்டு மீட்டரைப் பாத்து, ஆஃப் பண்ணிட்டு, பெடலை மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு எங்கயாவது உஸ்ஸுங்குதான்னு காது குடுக்கணும். ஓடுற நிலைமையில இருந்தா முப்பதுல ஓட்டி பிரேக் போட்டு, எங்க நிக்குதுன்னு டேப் வெச்சு அளக்கணும். எல்லாம் முடிஞ்சு ஃபாரத்துல கடைசிக் கட்டத்துல ஒரு வரி. விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல. பாக்க ஒண்ணுமில்லாத வரி. ஆனா அதை எழுதிக் கையெழுத்துப் போட்டா, மிச்சம் இருக்கிறது டிரைவர் மட்டுந்தான்னு அர்த்தம்.

இனி அந்தக் கேஸுக்கு வர்றேன். நாலு வழிச் சாலை வந்து சில வருஷம் ஆன சமயம். ஓசூர்ப் பக்கத்துல இருந்து கரூருக்குக் காலையில பஸ் சேசிஸ் வரிசையாப் போகும். பாடி கட்டுறதுக்காக. சேசிஸ்னா கூடு இல்லாத வண்டி. இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், உக்கார ஒரு பலகை. டிரைவர் ஹெல்மெட் போட்டுக்கிட்டு, ரெயின்கோட்டு மாட்டிக்கிட்டு எதிர்க்காத்துல உக்காந்து ஓட்டுவார். ரோட்டோரத்து ஜனங்களுக்கு அந்த வரிசை நல்ல பழக்கம். முதல் வண்டியில லீடர். கடைசி வண்டியில பின்பக்கம் சிவப்புத் துணி கட்டியிருக்கும், அதை வால் வண்டின்னு சொல்வாங்க. வால் வண்டி யாரையும் முந்தக் கூடாது. நடுவுல ஒரு வண்டி நின்னுச்சுன்னா வால் வண்டியும் கூடவே நிக்கணும். அது அவங்களுக்குள்ள வெச்சிக்கிட்ட வழக்கம். சிவப்புத் துணி போயிடுச்சுன்னா வரிசை முடிஞ்சுது, ரோட்டைக் கடக்கலாம்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

அதியமான்கோட்டை பக்கத்துல ரோட்டு நடுத் திட்டுல குறுக்கே கடக்க ஒரு வழி விட்டிருப்பாங்க. அங்க காலை எட்டு மணி வாக்குல மாதையன்னு ஒருத்தர் மொபெட்டுல பட்டுக்கூட்டு மூட்டை வெச்சுக்கிட்டு, தர்மபுரி மார்க்கெட்டுக்குப் போக நின்னிருக்கார். வரிசை வந்துச்சு. நின்னார். சிவப்புத் துணி போச்சு. வண்டியை எடுத்தார். பின்னாடியே இன்னொரு சேசிஸ் வந்து அடிச்சிருச்சு. வலது கால் ரெண்டு இடத்துல முறிவு. நான் போட்டோவுலதான் பாத்தேன், ரோடெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பட்டுக்கூடு.

அடிச்ச வண்டியை ஓட்டினவர் கோவிந்தன், இண்டூர்க்காரர், நாப்பத்தஞ்சு வயசு. இருபது வருஷ ஹெவி லைசென்ஸ்ல ஒரு கீறல் இல்ல. லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி போலீஸ்ல இருந்து எங்க ஆபீஸுக்குக் கடிதம் வந்துச்சு. வண்டியைப் பாக்க நான் ஸ்டேஷனுக்குப் போனப்ப மனுஷன் வேப்பமரத்தடியில குந்தியிருந்தார். நான் பிரேக்கை மிதிக்கிறதையே பாத்துக்கிட்டிருந்தார். பிரேக்குல ஏதாச்சும் கோளாறு இருக்கணும்னு அவர் மனசு வேண்டுது, எனக்குத் தெரியுது. புத்தம் புது வண்டி. எங்க இருந்து கோளாறு வரும்?

"லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற கைத்தொழில் கெடையாதுங்க சார்"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் ஃபாரத்தை நிரப்பி, கடைசி வரியை எழுதி, சும்மா இருந்திருக்கலாம். புத்திசாலித்தனமா இன்னொரு வரி சேத்தேன். ஓட்டுநர் அதிவேகமாக வந்ததே காரணம். மேடம் ஸ்கேலை வெச்சாங்க. அந்த வரிக்கு நேரா நெ போட்டாங்க. ஸ்பாட்டைப் பாத்தீங்களான்னு கேட்டாங்க. இல்ல மேடம். ஆறு வண்டி வரிசையில இவரு எத்தனாவதுன்னு கேட்டாங்க. கடைசிங்க மேடம்னேன். சிவப்புத் துணி இந்த வண்டியிலயா இருந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. நான் அந்த வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தேன். அதுல துணியே இல்ல.

திரும்ப ஓடினேன். கோவிந்தன் சொல்லத் தயங்கினார், அப்புறம் சொன்னார். அவர் வரிசையில நாலாவது. கிருஷ்ணகிரியில டீ குடிச்சது காரிமங்கலத்துல முட்டிக்கிச்சு. ஓரமா நிறுத்தி ஒண்ணுக்குப் போயிருக்கார். எதிர்க்காத்துல ரெயின்கோட்டு, ஹெல்மெட்டு எல்லாம் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற ஆள், அதையெல்லாம் அவுத்து மாட்டறதுக்குள்ள நாலு நிமிஷம் ஆயிடுச்சு. வால் வண்டி ஹாரன் அடிச்சிட்டுப் போயிடுச்சுங்கன்னார். சரி, மெதுவா வந்திருக்கலாமே, கரூருக்கு வழி தெரியாதான்னு கேட்டேன். வழி தெரியும், கையில பேப்பர் இல்லைன்னார். அப்பதான் பை விஷயம் வெளிய வந்துச்சு. ஆறு வண்டியோட தற்காலிகப் பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் லீடரோட ரெக்ஸின் பையில. ஒருத்தர் தனியா மாட்டினா நம்பர் பிளேட் இல்லாத, பேப்பர் இல்லாத வண்டி. திருட்டு வண்டின்னு உக்கார வெச்சிருவாங்க. வரிசையை விட்டா நீ யாரோ நான் யாரோன்னு லீடர் தினம் கிளம்பறப்ப சொல்வாராம்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குறுகுறுப்பு. பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி கணக்குப் போட்டேன். காரிமங்கலத்துல இருந்து அந்த இடம் ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். முன்னாடி போறவன் அறுபதுல போனா இருபத்தெட்டு நிமிஷம். நாலு நிமிஷம் பின்தங்கினவன் அதை இருபத்துநாலு நிமிஷத்துல ஓடணும். அப்படின்னா எழுபது. அட! லீடர் ஒரு நிமிஷங்கூட எழுபதைத் தொடல. தொடவே வேண்டாம். அவர் நிக்காமப் போனாலே போதும், பின்னாடி ஒருத்தன் எழுபதுல பறப்பான். மொரப்பூர் ரோட்டுக் கல்யாண வேன் எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

மேடம்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அவங்க பென்சிலைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டாங்க. நான் முடிச்சதும், "இதுவும் நெ தாங்க. நாளைக்குக் காலையில டிபார்ட்மென்ட் ஜீப்பை எடுத்துக்கோங்க. அவரு நின்ன இடத்துல நாலு நிமிஷம் நில்லுங்க. அதியமான்கோட்டைக்குள்ள அந்த வரிசையைப் பிடிங்க. என்ன ஆகுதுன்னு வந்து சொல்லுங்க"ன்னாங்க.

ஜீப்பை நானே ஓட்டினேன். ஜீப் டிரைவர் பக்கத்துல உக்காந்து மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதணும்னு ஏற்பாடு. காரிமங்கலத்துல ஒரு சேசிஸ் வரிசை போச்சு, சிவப்புத் துணி போச்சு, வாட்ச்சைப் பாத்தேன், நாலு நிமிஷம். கிளம்பினேன். முதல்ல ஐம்பத்தஞ்சு, அறுபது. ரோடு காலி. முன்னாடி ஒண்ணையும் காணோம். அறுபத்தஞ்சுல ஒரு நிதானத்துக்கு வந்துட்டேன். பிடிக்க முடியலைன்னு எழுதிட வேண்டியதுதான்னுகூட நெனச்சேன். தர்மபுரியைத் தாண்டினதும் ஒரு ஏத்தத்து உச்சியில, தூரத்துல, பொட்டு மாதிரி அந்தச் சிவப்புத் துணி தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் என் கால் என்கிட்டக் கேக்கல. காணாதவரைக்கும் நிதானமா இருந்த மனுஷன், கண்ணுல பட்டதும் அமுக்குறேன். தோ, தோன்னு இருக்கு. அது அடுத்த மேட்டுல மறையும்போது நெஞ்சு அடிச்சுக்குது, மறுபடியும் தெரியும்போது கால் எறங்குது. ஜீப் டிரைவர், சார் போர்டு சார்னார். இருய்யா, இப்பப் பிடிச்சிரலாம்னேன். வேகம் நாப்பதைத் தாண்டாதேன்னு போட்ட போர்டு ஓரமாப் போச்சு. அந்த வழியும் போச்சு. துணிக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டப்புறந்தான் மூச்சு வந்துச்சு. பக்கத்துல திரும்பிப் பாத்தேன். ஜீப் டிரைவர் நோட்டுல எழுதி வெச்சிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தார். போர்டு கிட்ட எழுபத்திரண்டு.

ஆண்டவர் புண்ணியத்துல அன்னிக்கு அந்த இடத்துல யாரும் நிக்கல. ஓரமா நிறுத்தித் தண்ணி குடிச்சேன். எனக்கு மிரட்டல் இல்ல, பேப்பர் பை இல்ல, போகாட்டி ஒண்ணும் குறையப் போறதும் இல்ல. பதினஞ்சு வருஷமா அடுத்தவனை நிறுத்தி எழுதுற ஆளு. வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கத்துல ஒரு சின்னக் காரியம் பண்ணேன். ரிப்போர்ட்ல, வரிசையைப் பிடிக்க எழுபதுக்கு மேல் செல்ல நேர்ந்ததுன்னு பொதுவா எழுதிட்டு, போர்டு கணக்கை மட்டும் விட்டுட்டேன்.

லைசென்ஸை ரத்து பண்றதுக்கு முன்னாடி ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கணும், அது விதி. மேடம் ரூம்ல விசாரணை. கோவிந்தன் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, லைசென்ஸைப் பாலிதீன் கவர்ல வெச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னார். லீடரையும் வரச் சொல்லியிருந்தாங்க. ரத்தினம்னு பேரு, நல்ல நரைச்ச மீசை, அக்குள்ல அந்த ரெக்ஸின் பை. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். எத்தனையோ வருஷமா வரிசை கூட்டிப் போறவர். ஒரு வண்டி திருடு போனதில்ல, ஒரு நாள் லேட் ஆனதில்லைன்னு பெருமையாச் சொன்னார்.

வேகமா வரச் சொன்னீங்களான்னு மேடம் கேட்டாங்க. ஒரு நாளும் சொன்னதில்லீங்க, வேணும்னா அவனையே கேளுங்கன்னார். மேடம் கோவிந்தனைப் பாத்தாங்க.

"அவரு சொல்லலைங்க"ன்னார் கோவிந்தன்.

பாவி மனுஷன், தன் லைசென்ஸைத் தானே கிழிச்சுப் போடுறானேன்னு நெனச்சேன். ரத்தினம் பையை மறுபடியும் அக்குள்ல இறுக்கிக்கிட்டு, வேலை முடிஞ்ச மாதிரி நின்னார். அப்ப மேடம் என் ரிப்போர்ட்டை எடுத்து, ஸ்கேலை ஒரு வரிக்குக் கீழ வெச்சாங்க.

"நாப்பது போர்டு கிட்ட உங்க ஜீப் எவ்வளவுல போச்சுங்க?"

ஞாபகமில்லைன்னு சொல்லியிருக்கலாம். கோவிந்தன் கையில இருந்த கவரைப் பாத்தேன். எழுபத்திரண்டுங்க மேடம்னேன்.

அபராதம் எழுதுற செக் ரிப்போர்ட் புக்கை இழுத்தாங்க. கார்பன் வெச்சாங்க. டிரைவர் பேர்னு இருந்த இடத்துல என் பேரை, இனிஷியலோட, நிதானமா எழுதினாங்க. அப்புறம் நிமிந்து, "யார் சொல்லி ஓட்டினீங்க?"ன்னாங்க.

"நீங்க சொல்லித்தாங்க மேடம்."

"வேகமா ஓட்டச் சொன்னேனா?"

"இல்லைங்க. நாலு நிமிஷம் நின்னுட்டு அதியமான்கோட்டைக்குள்ள பிடிக்கச் சொன்னீங்க."

அடுத்த தாளைத் திருப்பி, கார்பனை நகத்தி வெச்சு, அதுல தன் பேரை எழுதினாங்க. பதவியோட. குற்றம்னு இருந்த இடத்துல, தன் கட்டுப்பாட்டில் உள்ளவரை வேக வரம்பு மீறி ஓட்டச் செய்தது. பென்சில் இல்ல, பேனா. கையெழுத்துப் போட்டுக் கிழிச்சு மேஜை மேல வெச்சிட்டு, ரத்தினம் பக்கம் திரும்பினாங்க.

"நானும் வேகமாப் போங்கன்னு சொல்லலைங்க. இப்ப உங்க பையைத் திறங்க."

ரத்தினம் கை பையோட ஜிப்பைத் தேடுச்சு. ஆறு கட்டுப் பேப்பர் மேஜைக்கு வந்துச்சு. கூடவே கான்ட்ராக்டர் குடுத்த சீட்டு ஒண்ணு. விபத்து நடந்த அன்னிக்கு உள்ளது, பையிலேயே கெடந்திருக்கு. ஆறு வண்டி, காலை ஆறு மணி ஓசூர், பதினோரு மணிக்குள் கரூர் கேட். நான் அங்கேயே கூட்டிப் பாத்தேன். இருநூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல. நடுவுல டீ, டோல்கேட், தொப்பூர் இறக்கம், ஊருக்கு ஊர் நாப்பது போர்டு. சேசிஸ் ஸ்டீயரிங் மேலேயே, புது வண்டி, ஐம்பதைத் தாண்டாதேன்னு கம்பெனி ஸ்டிக்கர் வேற. எங்க போய் முடியும்? மேடம் சட்டப் புத்தகத்தைத் திறந்து வேகத்துக்கான பிரிவைப் படிச்சாங்க. ஓட்டுறவன் குற்றவாளி. தனக்குக் கீழ இருக்கிறவனை அப்படி ஓட்ட வைக்கிறவனும் குற்றவாளி. வரம்பை மீறாம முடிக்க முடியாத பயணத்தை, இத்தனை மணிக்குள்ள முடின்னு ஒருத்தர் உத்தரவு குடுத்திருந்தா, அந்த உத்தரவே அவருக்கு எதிரா முதல் சாட்சி. நானும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண பிரிவுதான். அதை ஒரு ஆள் மூஞ்சியைப் பாத்து யாரும் படிச்சு நான் கேட்டதில்ல.

ரத்தினமும் கான்ட்ராக்டரும் பிற்பாடு கோர்ட்டுல ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினாங்க. கோவிந்தன் லைசென்ஸ் ரத்தாகல, மூணு மாசம் நிறுத்தி வெச்சாங்க. மூணு மாசங்கூட எதுக்குன்னு எனக்கு ஆதங்கமா இருந்துச்சு. மேடம் அவர்கிட்டயே சொன்னாங்க. ஸ்டீயரிங் உங்க கையில இருந்துச்சுங்க, அந்தப் போர்டு உங்களுக்கும் சேத்துத்தான் நட்டது. கோவிந்தன் தலையாட்டினார். வெளிய வராந்தாவுல வந்து, காலி கவரை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, மூணு மாசம்னா பொழைச்சுக்குவேன் சார்னு சொல்லி என் கையைப் பிடிச்சார். கை சில்லுனு இருந்துச்சு. அதுக்கப்புறம் பேப்பர் அவங்கவங்க வண்டியிலதான் இருக்கணும்னு மேடம் கடிதம் போட்டாங்க. நானும் என் அபராதத்தைக் கட்டினேன். மேடமும் வரிசையில நின்னு கட்டினாங்க, கவுன்டர்ல இருந்த கிளார்க்குக்குத்தான் எங்க பாக்கறதுன்னு தெரியல.

இதோட முடிச்சா எனக்குப் பெருமைதான். ரொம்ப நாள் இதோட முடிச்சுத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். புவனாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.

ஒரு வருஷம் கழிச்சு மாதையன் எங்க ஆபீஸுக்கு வந்தார். மொபெட்டை வேற ஆளுக்கு மாத்திக் குடுக்கணும், இனிமே அவரால ஓட்ட முடியாது. ஊனுகோல் வெச்சுக்கிட்டுப் படி ஏறி வந்தார். நானே ஃபாரத்தை எழுதிக் குடுத்தேன். கேஸ் விவரமெல்லாம் சொன்னேன், நாலு நிமிஷம், எழுபது, பை, சீட்டு, மேடம் தன் பேரையே எழுதினது. எனக்கு அதைச் சொல்றதுல ஒரு சந்தோஷம். மனுஷன் பொறுமையாக் கேட்டார். கையெழுத்துப் போட்டு முடிச்சிட்டு என்னைப் பாத்தார்.

"ஏனுங்க சார், துணி கட்டின வண்டிக்காரன் அந்த டிரைவர் நிக்கிறதைப் பாத்துட்டுத்தான போனான்? நான் வண்டியை எண்ணலீங்க, வேகத்தையும் பாக்கலீங்க. அந்தத் துணியைத்தான் பாத்தேன். அவனை யாரும் கேக்கலீங்களா?"

அவர் போனப்புறம் பழைய ஃபைலை எடுத்தேன். கோவிந்தன் வாக்குமூலத்துல அந்த வரி இருந்துச்சு. வால் வண்டி ஹாரன் அடித்துவிட்டுச் சென்றது. பக்கத்துல மேடம் பென்சில்ல கே. பா ஆக்கிட்டு வரணும்னு அர்த்தம். என் கணக்கு சந்தோஷத்துல நான் போகல. அந்த டிரைவரும் கரூர் கேட்டுக்கு நேரமாச்சேன்னு போயிருப்பான், அவன் பேப்பரும் அந்தப் பையிலதான இருந்துச்சு. இல்ல, வேற ஏதாச்சும் இருந்திருக்கும். தெரியாது. அவன் வேகமாப் போகல, யாரையும் அடிக்கல, சட்டத்துல அவனுக்குப் பிரிவு இருக்கான்னுகூட எனக்குத் தெரியல. பாக்கி அஞ்சு பேர் பேரும் அந்த ஃபைல்ல இருக்கும்னு தேடினேன். லீடர் பேரும் கோவிந்தன் பேருந்தான் இருந்துச்சு. சிவப்புத் துணி கட்டின வண்டியை ஓட்டினவன் பேரை நான் எழுதி வெக்கவே இல்ல.

புவனா, நீ கேட்டதுக்கு இதுதாம்மா பதில். இருபத்திரண்டு பேருக்கும் தனித்தனியாப் போட்டது சரி. லீடர் இத்தனை மணிக்குள்ள ஏற்காடுன்னு போன்ல ஏதாச்சும் அனுப்பியிருக்காரான்னு வாங்கிப் பாரு, இருந்தா அவருக்குத் தனியா இன்னொண்ணு உண்டு. அதோட எனக்காக ஒண்ணு பண்ணு. அந்த வரிசையில கடைசியா வந்தவனுக்கு முன்னால வந்த ஆளைக் கூப்பிடு. பின்னாடி ஒருத்தன் பின்தங்கிப் போனதைக் கண்ணாடியில பாத்தியான்னு கேளு. அவன் என்ன சொன்னாலும் சரி, முதல்ல பேரை எழுதிக்கோ.